பழியற்ற பாரம்

மனிதன் அறிந்தும் விரும்பியும் செய்தவற்றுக்கே பொறுப்பாளி என்று அறநெறி இறையியல் நமக்குக் கற்பிக்கிறது. குருத்துவக் கல்லூரியின் வகுப்பறையில் இது மிகத் தெளிவாகவே இருந்தது. பங்குப் பணிக்கு வந்த பின்னரே, அத்தெளிவு எங்கே போதாமற் போகிறது என்பதைக் காண்கிறோம். மகனை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பிவைத்த தந்தை, அவன் அங்கே விபத்தில் மாண்டபின் நம் முன் வந்து அமர்கிறார். "போகச் சொன்னது நான்தானே, சாமி" என்கிறார். அவர் செய்தது பாவமா? அன்று. அப்படியானால் அவர் நெஞ்சை அறுப்பது எது?

இக்கேள்வியைப் புகழ்பெற்ற கால்பந்தாட்டப் பயிற்சியாளர் ஒருவரின் வாழ்வை முன்வைத்துச் சிந்திக்க விழைகிறோம். விளையாட்டில் நாட்டமில்லாத அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. ஆட்டத்தைப் பற்றி நாம் சொல்லப்போவது சிறிதே.

மேட் பஸ்பி 1909-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில், பெல்ஸ்ஹில் அருகே ஒரு சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில், கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். 1917-இல், முதல் உலகப் போரின் ஆராஸ் போர்முனையில் தந்தை மாண்டார். சிறுவனும் நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனான். 1928-இல் மான்செஸ்டர் சிட்டி கழகம் அவரை ஆட்டக்காரராகச் சேர்த்துக்கொண்டது. 1945-இல் அதே நகரின் மற்றொரு கழகமான மான்செஸ்டர் யுனைடெட் அவரை மேலாளராக அமர்த்தியபோது, அதன் அரங்கம் ஜெர்மானியக் குண்டுவீச்சில் சிதைந்து கிடந்தது. 1949 வரை அணி பிறர் அரங்கிலேயே ஆடிற்று.

தேர்ந்த ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்குவதே அன்றைய வழக்கம். பஸ்பியோ, துணைவர் ஜிம்மி மர்ஃபியோடு சேர்ந்து, பள்ளிப் பருவத்துச் சிறுவர்களைத் தேடிச் சென்றார். பெற்றோரைக் கண்டு பேசி அவர்கள் நம்பிக்கையைப் பெற்றார். இதை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டுகிறோம்: அந்த இளைஞர்கள் அவரிடம் பெற்றோரால் ஒப்படைக்கப்பட்டவர்கள். 1956-இலும் 1957-இலும் அவ்வணி இங்கிலாந்தின் முதன்மை அணியாயிற்று. அதன் சராசரி வயது ஏறக்குறைய 22. மக்கள் அவர்களைப் 'பஸ்பியின் பிள்ளைகள்' என்றே அழைத்தனர்.

ஐரோப்பிய நாடுகளின் முதன்மை அணிகள் தமக்குள் மோதும் கோப்பைப் போட்டி அப்போதுதான் தோன்றியிருந்தது. 1955-இல் செல்சி கழகம் அதில் சேர முனைந்தபோது, ஆங்கிலேய லீக் அமைப்பு வேண்டாமென்று தடுத்துவிட்டது. மறு ஆண்டு பஸ்பிக்கும் அதே மறுப்பு வந்தது. அவர் பணியவில்லை. ஆட்டத்தின் வருங்காலம் தீவுக்கு வெளியே இருக்கிறது என்று கண்டார். கழகமும் அவர் பக்கம் நின்றது. அவர் கண்டது சரியே என்பதை இன்று எவரும் மறுக்கமாட்டார்.

1958 பிப்ரவரி 5-ஆம் நாள் பெல்கிரேடில் ஆடி, அரையிறுதிக்குத் தகுதி பெற்று, மறுநாள் தனி விமானத்தில் திரும்பினார்கள். சனிக்கிழமை லீக் ஆட்டம் ஒன்று காத்திருந்தது. காலத்தோடு ஊர் சேர்ந்தாக வேண்டும். எரிபொருளுக்காக மியூனிக்கில் இறங்கிய விமானம், பனிச்சேறு படிந்த ஓடுபாதையில் இருமுறை புறப்பட முயன்று நின்றது. மூன்றாம் முறை ஓடுபாதையையும் கடந்து மோதிச் சிதறியது. அதில் இருந்த 44 பேரில் 23 பேர் இறந்தனர். அவர்களுள் எட்டுப் பேர் ஆட்டக்காரர்கள். எட்டாமவர் டங்கன் எட்வர்ட்ஸ், வயது 21. பதினைந்து நாள் மருத்துவமனையில் போராடி இறந்தார்.

பஸ்பிக்கு அவஸ்தைப் பூசுதல் கொடுக்கப்பட்டது; பிழைக்கமாட்டார் என்றே எண்ணினர். பிழைத்தார். பிள்ளைகள் மாண்ட செய்தியை அவருக்குச் சொல்லாமல் பல நாள் காத்தனர். கடைசியில் அவர் ஒவ்வொரு பெயராகச் சொல்ல, மனைவி ஜீன் தலையசைப்பாலேயே இருக்கிறார், இல்லை என்று தெரிவித்தார் என்பர். இனி இவ்விளையாட்டே வேண்டாம் என்று அவர் எண்ணினார். அழைத்துச் சென்றவன் நான், லீக் அமைப்பு வேண்டாமென்றபோது கேளாதவன் நான், மூன்றாம் முயற்சிக்கு முன் விமானியைத் தடுக்காதவன் நான் என்னும் எண்ணம் அவரை விடவில்லை.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அவர் இதைச் சொல்லியிருந்தால் நாம் என்ன விடை கூறியிருப்போம்? முன்னறியாததும், செயலின் இயல்பிலிருந்து பிறவாமல் தற்செயலாக வந்ததுமான விளைவு செயலின் தீமையைக் கூட்டுவதில்லை என்று புனித தாமஸ் அக்குவினாஸ் வரையறுத்திருக்கிறார். "இதில் பாவமில்லை, மகனே, அமைதியாய்ப் போ" என்று அனுப்பியிருப்போம். அது சரியான விடைதான். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு உரிய விடையன்று.

பெர்னார்டு வில்லியம்ஸ் என்னும் ஆங்கிலேய மெய்யியலார் ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வார். தன் தவறு எதுவுமின்றி ஒரு குழந்தையின்மேல் வண்டியை ஏற்றிவிட்ட லாரி ஓட்டுநரின் துயரம், அருகில் நின்று பார்த்தவரின் துயரம் போன்றதன்று. நாம் அவருக்கு ஆறுதல் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆயினும் அவர் உடனே ஆறுதலடைந்து, "ஆம், என் தவறில்லையே" என்று எழுந்து போய்விட்டால் நமக்கே அவர்மீது ஐயம் பிறக்கும். வில்லியம்ஸ் இறை நம்பிக்கையாளர் அல்லர். இருப்பினும் நம் அறநெறி நூல்கள் தொடாத ஓரிடத்தை அவர் தொட்டிருக்கிறார் என்றே கருதுகிறோம். பழி வேறு, பாரம் வேறு. பழியில்லை என்று தீர்ந்த பிறகும் பாரம் இருக்கலாம்; அது நோயன்று, நாம் பிறரோடு பிணைக்கப்பட்டவர்கள் என்பதன் அடையாளம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நடந்தவை அனைத்துக்கும் தானே காரணம் என்று கொள்வதில் மறைவான ஓர் ஆணவம் இருக்கக்கூடும். சீலோவாமில் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேரைப் பற்றிப் பேசுகையில், அவர்கள் மற்றவரைவிடப் பெரும் பாவிகள் என்னும் எண்ணத்தை ஆண்டவர் மறுத்தார். நம் மனமோ யாரையேனும் குற்றவாளியாக்காமல் ஓய்வதில்லை. பிறர் அகப்படாவிட்டால் நம்மையே ஆக்கிக்கொள்கிறோம்.

மியூனிக்கில் பிறரும் அகப்பட்டார். இறக்கைப் பனியை நீக்காததே காரணம் என்று ஜெர்மானிய விசாரணை விமானி ஜேம்ஸ் தெய்ன்மீது பழி சுமத்தியது. அவர் வேலை இழந்தார். ஓடுபாதையில் கிடந்த பனிச்சேறே காரணம், அவர்மீது குற்றமில்லை என்று பிரிட்டிஷ் விசாரணை 1969-இல் கூறியது. பதினோராண்டு கழிந்துவிட்டது, 1975-இல், ஐம்பது வயதுகளிலேயே அவர் இறந்தார். பஸ்பிக்கோ எந்த விசாரணையும் இல்லை. ஆகவே விடுதலைத் தீர்ப்பும் இல்லை.

அவரைத் திரும்ப ஆடுகளத்துக்கு அனுப்பியது மனைவியின் சொல். மாண்ட பிள்ளைகள் நீங்கள் தொடர்வதையே விரும்பியிருப்பார்கள் என்றார் ஜீன். குருக்களாகிய நாம் சொல்லக்கூடிய எதனைக் காட்டிலும் அது ஆழமானது என்று நமக்குத் தோன்றுகிறது. பழி இல்லை என்று அந்த அம்மையார் வாதிடவில்லை. பாரத்தைக் கீழே வைத்துவிடச் சொல்லவுமில்லை.

1968 மே 29-ஆம் நாள் இலண்டன் வெம்பிளி அரங்கில் பென்ஃபிக்கா அணியை 4-1 என வென்று, பஸ்பியின் அணி அதே ஐரோப்பியக் கோப்பையைப் பெற்றது. மியூனிக்கில் பிழைத்த பாபி சார்ல்டனும் பில் ஃபோல்க்ஸும் அன்று ஆடினார்கள். பத்தாண்டுத் துயரத்துக்கு ஈடு கிடைத்துவிட்டது என்று எழுதினோர் பலர். நமக்கு அதில் உடன்பாடில்லை. எட்டுத் தாய்மாருக்கு ஒரு வெள்ளிக் கோப்பை எவ்வாறு ஈடாகும்?

அப்பாரத்துக்குச் செலுத்தக்கூடிய கடன் ஒன்று இருந்ததென்றால், அது உயிரோடு எஞ்சியவர்களுக்கே உரியது. அங்கே வரலாறு அவ்வளவு அழகாயில்லை. ஜானி பெரியும் ஜாக்கி பிளான்ச்ஃபிளவரும் விபத்தில் பிழைத்தார்கள். ஆனால் அதன்பின் ஒருநாளும் ஆட இயலவில்லை. ஆட இயலாதவருக்குக் கழகத்தின் வீடு இல்லை. இருவரும் குடும்பத்தோடு காலி செய்ய நேர்ந்தது. இதில் பஸ்பியின் பங்கு எவ்வளவு, நிர்வாகக் குழுவின் பங்கு எவ்வளவு என்று தீர்ப்பிட நாம் முன்வரவில்லை. நெஞ்சம் முழுவதும் இறந்தோர்க்காகக் கசிந்த ஓரிடத்தில், இருப்போர் கண்ணில் படாமற் போயினர் என்பதை மட்டும் குறிக்கிறோம்.

பஸ்பி 1994 ஜனவரியில் மறைந்தார். பெரி அதே ஆண்டு செப்டம்பரில். பிழைத்தோருக்கும் மாண்டோர் குடும்பங்களுக்கும் நிதி திரட்ட அந்த அரங்கில் ஓர் ஆட்டம் நடந்தது 1998 ஆகஸ்டில், நாற்பது ஆண்டுகள் சென்ற பின். பிளான்ச்ஃபிளவர் அதற்கு இரண்டு வாரம் கழித்து இறந்தார்.