சாணைக்கல்லும் கர்மயோகமும்

குயிலாப்பாளையத்தை ஒட்டி 1968இல் எழுந்த ஆரோவில், உழைப்பும் யோகமே என்ற ஸ்ரீ அரவிந்தரின் கொள்கையை அடித்தளமாகக் கொண்டது. அதை உரசிப் பார்க்கத் தியான மண்டபத்தைவிட, பட்டறையில் அதிரும் மலிவான சாணை மெஷினே நல்ல இடம். 6 அங்குலக் கல்லின் விளிம்பில் 1 கிராம் எடை கூடினால், நிமிடத்துக்கு 2850 சுற்றில் அது ஏறக்குறைய 700 கிராம் விசையோடு ஷாஃப்டை இழுக்கும். ஓட்டுபவரின் மனத்தூய்மை அதைக் குறைக்காது. அதிர்வின் காரணத்தைக் கண்டுபிடிக்க, கல்லைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்ட வேண்டும். அப்போதும் அதிர்ந்தால் குற்றம் ஷாஃப்டிலோ பேரிங்கிலோ. அதிராவிட்டால் கல்லிலோ, அதை இறுக்கும் தகட்டு வாஷரிலோ, துளையில் தொளதொளக்கும் புஷ்ஷிலோ. பக்கவாட்டில் ஆடினால் பெரும்பாலும் வளைந்த வாஷர்தான். கல்லின் வட்டம் பிசகியிருந்தால், அதன் முகத்தைச் செதுக்கும் டிரஸ்ஸர் பிடித்துச் சீராக்கலாம். முதலில் சந்தேகித்ததையே பிடித்துத் தொங்காமல் சோதனை காட்டும் வழியில் போவது, என் பார்வையில், பற்றின்மையின் ஒரு வடிவம்.

இது வெறும் மெக்கானிக் வேலை, ஆன்மிகம் எங்கே என்று கேட்கலாம். கீதையின் இரண்டாம் அத்தியாயமே செயல்திறனை யோகத்தோடு சேர்க்கிறது. பலனில் பற்று வேண்டாம் என்பது அரைகுறை வேலைக்கு அனுமதியல்ல. மலிவான மெஷினைத் தூக்கிப் போடலாமே என்றால், ஷாஃப்ட் வளைந்திருந்தால் நானும் ஒப்புவேன். ஆனால் விரிசலால் தட்டும்போது கணீரென்று ஒலிக்காத கல்லை, விலை பாராமல் எறிந்துவிட வேண்டும். அது தெறித்தால் அடிபடுவது ஓட்டுபவர் மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கும் உதவியாளும்தான்.