நூறு கிலோமீட்டருக்குப் பிறகு

அப்பாவின் ஹைலக்ஸுக்கு ஸ்போர்ட் ரிம் போட்டது முழுக்க என் ஆசை. கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு முட்டைகோஸ் இறக்கும் வண்டி அது. "கோஸுக்கு எதுக்குடா ஸ்போர்ட் ரிம்மு?" என்று அப்பா கேட்டார். வண்டி கொஞ்சம் அகலமாக நின்றால் பார்க்க நன்றாக இருக்கும். அதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை.

டயர் கடை அண்ணன் ரிம்மின் பின்பக்கம் அச்சடித்திருந்த எண்ணைத்தான் முதலில் தேடினார். ரிம் தாங்கக்கூடிய எடை அது. பாரம் ஏற்றிய வண்டியின் பின் அச்சில் 1,800 கிலோ விழுந்தால், ஒரு ரிம் 900 கிலோ தாங்க வேண்டும். அது சரியாக இருந்தது. பிறகு பழைய நட்டு ஒன்றைக் கையில் உருட்டிப் பார்த்து, "இது சேராது தம்பி" என்றார். பழைய ரிம்மின் நட்டு தட்டையான வாஷரோடு உட்காருவது. நான் வாங்கிய ரிம்மின் துளையோ 60 பாகைக் கூம்பு. தட்டை வாஷர் அதன் விளிம்பை மட்டும்தான் தொடும். சக்கரத்துக்கு ஆறு வீதம் 24 புது நட்டு வேண்டும். கையில் இருந்த காசு ரிம்மோடு தீர்ந்திருந்தது.

"பழசையே போடுங்கண்ணே, ஒண்ணும் ஆகாது."

தயங்கினார். போட்டார். "நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு திரும்ப வா, ஒரு தடவை இறுக்கிப் பாத்துடலாம்" என்றார். நான் போகவில்லை.

நட்டும் போல்ட்டும்தான் சக்கரத்தைத் தூக்கி நிறுத்துகின்றன என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. சரியான அளவுக்கு இறுக்கும்போது போல்ட் மயிரிழை அளவு நீள்கிறது, இழுத்துப் பிடித்த ரப்பர் மாதிரி. அந்த இழுவிசை ரிம்மை ஹப்போடு அழுத்துகிறது. பாரத்தைத் தாங்குவது அந்த அழுத்தத்தால் வரும் உராய்வு. புது ரிம்மில் நட்டு உட்காரும் இடத்தில் இருக்கும் பெயின்ட் நசுங்கினாலே அழுத்தம் குறையும். ரிம் கண்ணுக்குத் தெரியாமல் அசையத் தொடங்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் போல்ட் வளைந்து வளைந்து களைக்கும். நூறு கிலோமீட்டர் கழித்து வரச் சொல்வது இதற்காகத்தான்.

மூன்றாவது வாரம், இறக்கத்தில், பின்பக்கம் இடது சக்கரத்தில் 'டக் டக்' என்று சத்தம். நிறுத்திப் பார்த்தேன். இரண்டு நட்டு விரலாலேயே சுற்றியது. ஒரு போல்ட் ஒடிந்திருந்தது. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு மோட்டார் சைக்கிள் வேகத்தைக் குறைத்து என்னைப் பார்த்துவிட்டுக் கடந்து போனது. பின்னால் பள்ளிச் சீருடையில் ஒரு பிள்ளை.

வீட்டில் எல்லோரும் "நல்ல வேளை" என்றார்கள். "தப்பிச்சிட்டே" என்றார்கள். தமிழில் செய்தது தப்பு, அதிலிருந்து மீண்டாலும் தப்பு. பிழையும் அப்படித்தான், பிழைத்தவன் பிழை செய்தவனாகவும் இருக்கலாம். மொழிக்கு இதில் ஏதோ தெரிந்திருக்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 'அற அதிர்ஷ்டம்' பற்றி ஒரே தலைப்பில் ஆளுக்கொரு கட்டுரை எழுதினார்கள். இரண்டிலும் ஒரு லாரி ஓட்டுநர் வருகிறார். வில்லியம்ஸின் ஓட்டுநர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. ஆனாலும் அவர் வண்டியில் ஒரு குழந்தை அடிபடுகிறது. நேகலின் ஓட்டுநர் பிரேக்கைச் சரிபார்க்காமல் விட்டவர். அதே அலட்சியத்தோடு ஓட்டும் இன்னொருவர் முன்னால் குழந்தை எதுவும் ஓடி வருவதில்லை, அவர் வீட்டுக்குப் போய்த் தூங்குகிறார். நான் அந்த இரண்டாவது ஆள்.

ஆனால் என் கதையில் கடை மேசைக்கு இரண்டு பக்கமும் ஆள் இருந்தது. அண்ணனுக்கு அந்த நட்டு தப்பென்று தெரியும், போகச் சொன்னால் திரும்பி வராத ஆள் நான் என்பதும் தெரிந்திருக்கும். "கஸ்டமர் கேட்டா என்ன செய்யறது?" என்று பிறகு சொன்னார். என் வண்டி, என் காசு, என் உயிர் என்றால் அந்தப் பதிலை ஏற்கலாம். ஓடும் வண்டியிலிருந்து கழன்ற சக்கரமோ வண்டியின் வேகத்திலேயே தனியாக ஓடும், எதிரே வருபவரிடம் அனுமதி கேட்காது. நம் நாட்டில் சாலையில் இறப்பவர்களில் பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிள்காரர்கள். அவர்கள் சார்பில் "ஒண்ணும் ஆகாது" என்று சொல்ல எனக்கு யார் உரிமை கொடுத்தது? அந்த மூன்று வாரமும் பெரும்பாலும் வண்டியை ஓட்டியது அப்பா. அவரிடமும் நான் நட்டு விஷயத்தைச் சொல்லவில்லை.

சக்கரம் கழன்று ஒருவரைக் கொன்றவன் அளவுக்கு நானும் குற்றவாளி என்றுதான் வாதிடுவேன். வாதத்தில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால், இப்படி நிதானமாக வில்லியம்ஸையும் நேகலையும் துணைக்கு வைத்துக்கொண்டு கட்டுரை எழுதியிருப்பேனா? மாட்டேன். அப்படியென்றால் என் வாதத்தை நானே முழுசாக நம்பவில்லை.

போன வருடம் அந்த ரிம்களை தாப்பாவைச் சேர்ந்த ஒரு பையனுக்கு விற்றேன். விலையைக் குறைக்காமல், கூம்பு நட்டு 24ஐயும் வாங்கிச் சேர்த்துக் கொடுத்தேன். "மாட்டி நூறு கிலோமீட்டர் ஓடினதும் டார்க் ரெஞ்ச் வெச்சு திரும்ப இறுக்கணும், மறந்துடாதே" என்றேன். "சரிண்ணே" என்றான். ஒரு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் கேட்டேன். லாத்தா இஸ்கண்டார் அருவிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி எடுத்த படம் ஒன்று வந்தது. ரிம் பளபளவென்று இருந்தது. நட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுபடியும் கேட்டேன். இரண்டு நீல டிக் விழுந்தது.