முகமனுக்கு வயதுண்டோ?

வெள்ளவத்தையின் ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனையின் நெருக்கமான தெருக்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு மனத்தாங்கல் இப்பொழுது அடிக்கடி வெளிப்படுகின்றது. இலண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளை, வாசலிற் காத்து நிற்கும் அம்மப்பாவைப் பார்த்து 'ஹாய்' என்கிறது. எழுபது வயதைக் கடந்த அம்முதியவர் புன்னகை செய்கிறார். ஆயின் தம் வயதுக்கு இது தகுமோ என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் தைக்கின்றது. மறுபுறத்தில், ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருவர் இளைஞர்களைக் கண்டு தாமே 'ஹாய்' என்று கூறுவாராயின், இந்த வயதில் இவருக்கு இது வேண்டுமா என அவ்விளைஞர்களே நகைக்கின்றனர். ஆகவே அச்சொல்லைக் கேட்பதற்கு ஒரு வயதும், சொல்வதற்கு ஒரு வயதும் உண்டெனக் கருதப்படுகின்றது. அற்பமெனத் தோன்றும் இவ்வினாவை ஆராயப் புகின், மதிப்பு என்பது யாது, அது யாருக்கு உரியது என்னும் பெரியதோர் அறவியல் வினாவை எதிர்கொள்ள நேரிடும்.

முகமன் என்னும் சொல் முகத்தை அடியாகக் கொண்டது. ஒருவர் முகத்தை மற்றவர் எதிர்கொள்ளும்பொழுது வெளிப்படும் இன்சொல்லும் உபசாரமும் முகமன் எனப்பட்டன. எம்மொழியில் அமையினும் முகமன் ஒரே வேளையில் இரு பணிகளை ஆற்றுகின்றது. எதிரில் நிற்பவரின் இருப்பை ஏற்றுக்கொள்ளுதல் ஒன்று. அவருக்கும் தனக்கும் இடையிலான உறவையும் படிநிலையையும் சுட்டுதல் மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்தறியாமையே இதுபற்றிய வாதங்கள் முடிவின்றித் தொடர்வதற்குக் காரணம் எனலாம்.

இரண்டாவது பணியைத் தமிழ் மிக நுண்ணிதாக ஆற்றும். தொல்காப்பியச் சொல்லதிகாரம் விளித்தலுக்கெனத் தனி இயலொன்றையே வகுத்துள்ளது. அதே அதிகாரத்தின் கிளவியாக்கம், ஒருவரைப் பன்மையாற் குறிக்கும் உயர்சொல் வழக்கில் தோன்றியதேயன்றி இலக்கண நெறிப்பட்டதன்று எனக் கொள்கின்றது. மரியாதைப் பன்மை மக்கள் பழக்கத்தால் ஏற்பட்ட ஒழுங்கு என்பது அன்றே உணரப்பட்டிருந்தமை கருதற்பாலது. யாழ்ப்பாணத் தமிழில் இவ்வொழுங்கு நீ, நீர், நீங்கள் என மூன்று படிகளாக அமைந்தது. 'வா', 'வாரும்', 'வாருங்கோ' என்ற மூன்று அழைப்புகளில் எது தனக்கு உரியது என்பதை அங்கு வளர்ந்த எவரும் செவிப்புலனாலேயே அறிவர். இவற்றோடு அண்ணை, அக்கா, மாமி, அப்பு, ஆச்சி என்னும் உறவுப் பெயர்களும் சேர்கின்றன. முன்பின் அறியாத முதியவளை 'ஆச்சி' என விளிக்கும் சிறுவன், அவளுக்கு வயதின் மதிப்பை அளிப்பதோடு, தன்னை அவளுடைய பேரனாகவும் ஆக்கிக்கொள்கிறான். ஒரே சொல்லில் மதிப்பும் உரிமையும் இணைந்துவிடுகின்றன.

இங்கு ஒரு தெளிவு வேண்டும். 'வணக்கம்' இருந்த இடத்தை 'ஹாய்' பிடித்துக்கொண்டது எனக் கூறுவோர் உளர். 'வணக்கம்' என்பது இன்றுள்ள அளவுக்குப் பொது முகமனாகப் பரவியமை இருபதாம் நூற்றாண்டின் நிகழ்ச்சியாகும்; தனித்தமிழ் இயக்கத்துக்கும் திராவிட இயக்கத்துக்கும் அதிற் பெரும் பங்குண்டு. மேடைக்கும் அலுவலகத்துக்கும் உரிய அச்சொல்லால் எந்தப் பேரனும் தன் அம்மப்பாவை வாசலில் வரவேற்றதில்லை. 'அம்மப்பா, எப்படிச் சுகம்?' என்பதே பழைய முறை. எனவே முதியவர் இழந்துவிட்டதாக வருந்துவது வணக்கத்தை அன்று. தமது உறவுப் பெயரையே ஆகும். வருத்தத்தின் இடம் இதுவெனக் கண்டால் அதற்கான மருந்தும் எளிதாகின்றது. 'ஹாய் அம்மப்பா' என்று பேரன் கூறுவானாயின் குறையிற் பெரும்பகுதி நீங்கிவிடும்.

இனி, குற்றஞ்சாட்டப்படும் ஆங்கில முகமனின் வரலாற்றையும் நோக்குதல் தகும். 'ஹலோ' என்பது தொன்மையானதொரு மரியாதைச் சொல் அன்று. தொலைவில் உள்ளவரின் கவனத்தைத் திருப்பவும் வியப்பைக் காட்டவும் வழங்கிய கூவுதலின் வழிவந்தது அது. 1876ஆம் ஆண்டில் கிரகாம் பெல் தொலைபேசிக்கு ஆக்கவுரிமை பெற்றார். அக்கருவியிற் பேச்சைத் தொடங்குவதற்குக் கப்பலோட்டிகளின் 'அஹோய்' என்னும் விளியை அவர் விரும்பினார். 1877இல் எடிசன் 'ஹலோ'வை முன்மொழிந்தார். எடிசனின் சொல்லே நிலைத்தது. மறுமுனையில் இருப்பவர் முதியவரா இளையவரா, முதலாளியா தொழிலாளியா என்பது தெரியாத நிலையிற் கூறத்தக்க சொல்லாக அது பரவியமை கவனத்துக்குரியது. முகம் காணாதார்க்குரிய முகமனாக வளர்ந்தமையால் அது வயதையும் கேட்பதில்லை, குலத்தையும் கேட்பதில்லை.

பிரித்தானியரிடையேயும் இதுபற்றி ஒருமித்த கருத்து இல்லை. சுகம் விசாரிக்கும் தோற்றமுடைய 'ஹௌ டு யூ டு' என்பதற்கு அதே தொடரையே மறுமொழியாகக் கூறுதல் மூத்த தலைமுறையின் வழக்கு. இன்று அவ்விடத்தில் 'ஓல்றைட்' என்பதும் 'ஹையா' என்பதும் வழங்குகின்றன. முன்பின் அறியாத தாதியர் தம்மைக் 'கண்ணே', 'அன்பே' என்னும் பொருள்படும் சொற்களால் விளிப்பதை விரும்பாத முதியோர் அங்கும் உளர். 2013ஆம் ஆண்டில் கேட் கிறேஞ்சர் என்னும் மருத்துவர் அந்நாட்டில் ஓர் இயக்கத்தைத் தொடக்கினார். முதியோர் மருத்துவத்துறையிற் பணியாற்றிய அவர் தாமே புற்றுநோயாளியாகி மருத்துவமனையிற் படுத்திருந்த வேளையில், தம்மை நாடிவந்த பணியாளர் பலர் தம் பெயரைக்கூடச் சொல்லாது காரியத்தில் இறங்கியமையை அவதானித்தார். 'ஹலோ, எனது பெயர் இன்னது' என நோயாளியிடம் முதலிற் கூறுங்கள் என்பதே 2016இல் அவர் மறையும்வரை விடுத்த வேண்டுகோளாகும். மிகச் சாதாரணமானதெனக் கருதப்பட்ட சொல், படுக்கையில் இருந்த ஒருவரை மனிதராக ஏற்கும் சொல்லாயிற்று. முகமனின் முதலாவது பணி எத்துணைப் பெரிதென்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கொழும்பு நகரத்து இளைஞர் இச்சொற்களை விரும்புவதற்கு நாகரிக மோகம் ஒன்றே காரணமன்று. பல மொழிகள் கலக்கும் நகரில் விளிச்சொற்கள் எளிதில் இடம் மாறுகின்றன. சிங்களத்தில் 'அய்யா' என்பது தமையனைக் குறிக்கும். தமிழில் 'ஐயா' என்பது மதிப்புக்குரிய பெரியவரைக் குறிக்கும். கொட்டாஞ்சேனைத் தெருவில் ஒரே ஒலியைக் கேட்கும் இருவருள் ஒருவர் தோழமையையும் மற்றவர் பணிவையும் உணரக்கூடும். 'மச்சான்' என்பது இரு மொழி இளைஞருக்கும் பொதுவாயிற்று. 'அங்கிள்', 'அன்ரி' என்பன ஆங்கிலச் சொற்களாயினும், அறியாதவரையெல்லாம் அவ்வாறு அழைத்தல் ஆங்கிலேயர் வழக்கன்று. தமிழரும் சிங்களவரும் தத்தம் உறவுமுறையை ஆங்கிலச் சட்டைக்குட் புகுத்திக்கொண்டமையின் விளைவே அது. பஸ் வண்டியில் முதன்முறையாக 'அங்கிள்' என அழைக்கப்படும் நாளிலேயே தமது வயதை அறிவோர் பலர். இத்தகைய நகரில், எவரையும் புண்படுத்தாது பேச்சைத் தொடங்குவதற்கு 'ஹலோ' ஒரு பாதுகாப்பான வழியாக அமைகின்றது.

எனினும், வயதுக்குரிய மதிப்பு மறைகின்றதே என்னும் வருத்தத்தை முழுமையாக ஏற்குமுன், அம்மதிப்பு முன்னர் யாருக்கெல்லாம் வழங்கப்பட்டது என வினவுதல் நேர்மையாகும். யாழ்ப்பாணச் சமூகத்தில் ஒடுக்கப்பட்ட சாதியிற் பிறந்த முதியவர், உயர்சாதியெனப்பட்ட குடும்பத்தின் சிறுவனால் 'நீ' என்றே விளிக்கப்பட்டார். அம்முதியவரோ அச்சிறுவனின் தந்தையை 'நயினார்' என்றும் தாயை 'நாச்சியார்' என்றும் அழைக்கவேண்டியிருந்தது. நரைத்த தலை அவருக்கு எந்த உரிமையையும் பெற்றுத் தரவில்லை. 1957ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் நிறைவேறிய பின்னரும் தேநீர்க் கடைகளும் ஆலய வாயில்களும் தாமாகத் திறக்கவில்லை. 1966 ஒக்ரோபரிற் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரம் ஆலய வாயிலில் நிகழ்ந்த போராட்டமும் வேண்டியிருந்தன. 1972இல் வெளிவந்த கே. டானியலின் 'பஞ்சமர்' அந்த உலகை நாவலாக்கியது. மலையகத் தோட்டங்களிலும் வயது முதிர்ந்த தொழிலாளி இளந்துரைக்குச் சலாம் வைத்தே நிற்க நேர்ந்தது. ஆகவே மூத்தோரை மதிக்கும் பண்பாடு என்று பெருமையோடு கூறப்படுவது, தம்மவருள் மூத்தோரை மதிக்கும் பண்பாடாகவே பெரிதும் இருந்தது. விளிப்பில் வயது ஆட்சி செய்வதாகத் தோன்றிய இடங்களிலும் சாதியும் செல்வமுமே ஆட்சி செய்தன.

இது கடந்துபோன கதை எனத் தள்ளிவிடுதற்கில்லை. பேரனின் 'ஹாய்' கேட்டு முகம் சுருங்கும் பெரியவர் வாழும் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிலில் ஒரு காவலாளி இருக்கிறார். அறுபது வயதைக் கடந்த அவரை, வாகனத்திற் செல்லும் இருபது வயதினர் ஒருமையிற் கூப்பிடுகின்றனர். வீட்டினுள்ளே, மலையகத்திலிருந்து வேலைக்கு வந்து அங்கேயே முதுமையடைந்த பெண்ணைப் பத்து வயதுப் பிள்ளை பெயர் சொல்லி அழைத்துத் தண்ணீர் கேட்கிறது. இவ்விரு விளிகளும் எவர் செவியிலும் உறுத்துவதில்லை. தம் வயதுக்கு ஏற்ற மரியாதையைக் கோரும் ஒருவர், அதே வயதுடைய மற்றொருவருக்கு அது மறுக்கப்படுவதைக் காணாதிருப்பாராயின், அவர் கோருவது வயதுக்குரிய மரியாதை ஆகுமா?

பல்கலைக்கழக வளாகமும் இவ்வினாவுக்குப் புறம்பானதன்று. பகிடிவதையின் பெயரால், ஓராண்டு முன்னதாகப் புகுந்த சிரேட்ட மாணவர், கனிட்ட மாணவர் தம்மைக் கண்டவுடன் நின்று முகமன் கூறவேண்டுமெனக் கட்டாயப்படுத்திய வழக்கம் இந்நாடு அறிந்ததே. பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் 1998ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. ஓராண்டு மூப்பு எத்தகைய அறிவையும் தந்துவிடுவதில்லை. அச்சத்தினாற் பெறப்படும் வணக்கம் பெறுபவரைப் பற்றியன்றி, தருபவரது மதிப்பைப் பற்றி எதனையும் கூறுவதில்லை. கேட்டுப் பெறும் மதிப்பு கடன் வசூலித்தலை ஒக்கும். கொடுப்பவர் விருப்பம் அங்கு இல்லை.

அவ்வாறாயின் விளிப்பிற் சமத்துவம் வேண்டுவோர் செய்யத்தக்கது யாது? உலக வரலாறு இரு வழிகளைக் காட்டுகின்றது. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜோர்ஜ் பொக்ஸ் என்பாரைப் பின்பற்றிய குவேக்கர்கள், பிரபுவாயினும் நீதிபதியாயினும் ஒருமைச் சொல்லாலேயே விளித்தனர். தொப்பியைக் கழற்றவும் மறுத்தனர். அதன்பொருட்டுச் சிறையும் சென்றனர். உயர்ந்தோரை இறக்கிச் சமன்செய்யும் வழி அது. சுவீடனில் 1967இல் அரச மருத்துவத்துறைத் தலைவராகப் பொறுப்பேற்ற புறோர் றெக்செட், தம் அலுவலர் அனைவரையும் ஒருமையில் அழைக்கப்போவதாக அறிவித்ததும் அவ்வழியின் பாற்பட்டதே. ஆங்கில மொழியோ காலப்போக்கில் வேறு வழியிற் சென்றது. பன்மையும் மரியாதையும் குறித்த 'யூ' என்னும் சொல் அரசனுக்கும் ஆண்டிக்கும் பொதுவாயிற்று. ஒருமைச் சொல் வழக்கிறந்தது. தாழ்த்தப்பட்டோரை ஏற்றிச் சமன்செய்யும் வழி இது.

தமிழுக்குப் பொருந்துவது இரண்டாவது வழியே ஆகும். அம்மப்பாவை 'நீ' என்று அழைத்துச் சமத்துவம் காணவேண்டியதில்லை. வாயிலிற் காவல் நிற்பவரையும் அடுப்படியில் உழைப்பவரையும் 'நீங்கள்' என்று அழைத்தாற் போதும். 'ஐயா', 'அம்மா' என்னும் சொற்கள் வேட்டியின் வெண்மையையும் வீட்டின் தளத்தையும் பாராது வழங்கப்படுமாயின், அவை மெய்யாகவே வயதைக் குறிக்கும் சொற்களாகும். அதுவரை அவை வசதியைக் குறிக்கும் சொற்களே.

எல்லாரும் ஒரே படியில் நிற்பின் முதுமைக்கு எனச் சிறப்பு யாதும் இல்லையா என வினவலாம். ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியனது பெயரால் அமைந்த புறநானூற்றுச் செய்யுள், ஒரு குடிப்பிறந்தோருள்ளும் மூப்பை விடுத்து அறிவையே அரசு நாடும் எனக் கருதுகின்றது. பண்டைத் தமிழர் மூப்பை மட்டுமே மதிப்புக்கு அளவாகக் கொள்ளவில்லை என்பதற்கு இது சான்று. ஆயினும் முதுமைக்குரிய சிறப்பு ஒன்று உண்டு; அது பொறுமையாகும். முதியவர் மெல்ல நடப்பர், மெல்லக் கேட்பர், மறுமொழியையும் மெல்லவே கூறுவர். 'ஹாய்' எனக் கூறிவிட்டுக் கைத்தொலைபேசியைப் பார்த்தபடி அகலும் பேரன் பிழைசெய்வது அச்சொல்லால் அன்று; மறுமொழிக்குக் காத்திராமையாலேயே. 'எப்படிச் சுகம் அம்மப்பா?' என முறைப்படி வினவி, விடை கேளாது செல்வானாயினும் பிழை அதே பிழைதான்.

முதியவர் 'ஹாய்' என்று கூறுதல் தகுமா என்பதற்கும் விடை இதனுள்ளேயே அடங்கும். இளைஞரின் மொழியிற் பேசி, அவர் தரும் சமமான மறுமொழியையும் மனமுவந்து ஏற்பாராயின், அச்சொல் அவருக்கு அழகே. தாம் தோழமை காட்டலாம், பிறர் காட்டலாகாது எனக் கருதுவாராயின், எண்பது வயதிலும் இருபது வயதிலும் அது பொருந்தாது.

எந்தச் சொல் எந்த வயதுக்கு உரியது என்பது குடும்பத்துக்குக் குடும்பம், தலைமுறைக்குத் தலைமுறை மாறும் சுவை. அதனை அவரவர் தீர்த்துக்கொள்ளலாம். எவருக்கு முகமன் கூறப்படுகின்றது, எவருக்குக் கூறப்படாது விடப்படுகின்றது என்பதே அறத்தைச் சார்ந்தது. காலி வீதியிலோ சாந்த லூசியா பேராலயத்தை அண்டிய தெருக்களிலோ ஒருநாள் காலையில் வீட்டைவிட்டுப் புறப்படும் இளைஞர் ஒருவர், பஸ் தரிப்பிடத்தை அடையுமுன் தாம் கடந்து செல்லும் முதியவர்களை எண்ணிப் பார்க்கலாம். வாயிற் காவலாளி, தெருக்கூட்டும் பெண், பத்திரிகை விற்பவர், பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற அதிபர் ஆகிய நால்வருள் நின்று முகமன் கூறப்பெற்றவர் அதிபர் ஒருவரே ஆயின், அது வணக்கமாயினும் ஹலோவாயினும் அங்கு மதிக்கப்பட்டது வயதன்று.