மயக்க மருந்தும் உயிரின் அவத்தைகளும்

மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் அருளிய சிவஞானபோதம், மூச்சே உயிர் என்னும் கொள்கையை மறுக்கும்போது, உறங்குபவனிடம் மூச்சு ஓடிக்கொண்டிருந்தும் நுகர்ச்சியும் தொழிலும் இல்லாமையைச் சான்றாகக் காட்டுகிறது. அவத்தை எனப்படும் உயிரின் நிலைகளை இந்நூல் சார்ந்த சைவ சித்தாந்தம், உயிர் அறியவும் செயற்படவும் துணையாகும் புலன், மனம் முதலிய கருவிகளின் எண்ணிக்கையால் வகுக்கிறது: நனவில் 35, கனவில் 25, உறக்கத்தில் 3, பேருறக்கத்தில் 2, உயிர்ப்படக்கத்தில் 1. பேருறக்கத்தில் மூச்சாகிய பிராணனும், நுகர்வோனாய் நிற்கும் உயிராகிய புருடனும் எஞ்ச, உயிர்ப்படக்கத்தில் புருடன் மட்டுமே எஞ்சும். அறுவை அரங்கில் தசை தளர்த்தும் மருந்து ஏற்றப்பட்டவருக்கு வென்டிலேட்டர் செலுத்தும் மூச்சை இவற்றுள் எதன் கணக்கில் வைப்பது என்பது பழைய உரையாசிரியர்கள் எதிர்கொள்ள நேராத வினா.

மூளையின் உயிரணுக்களுக்குள் நிகழ்வது இவ்வினாவை மேலும் சிக்கலாக்குகிறது. ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்பால் ஹார்மோன் உயிரணுவின் உட்கருவில் தனக்குரிய ஏற்பிப் புரதத்தோடு இணைந்து, சில மரபணுக்கள் படியெடுக்கப்பட்டுப் புரதங்களாக உருப்பெறுமாறு தூண்டுகிறது. இதுவே மரபணு வெளிப்பாடு. இத்தூண்டலுக்கு எவருடைய அறிவும் தேவையில்லை. எனினும் இவ்வாறு ஆயத்தமான மூளை, கருமுட்டையை விடுவிக்கும் ஹார்மோனைச் சுரக்கச் செய்வதற்கு நரம்புகளின் குறிப்பிட்ட நேரத்துச் சமிக்ஞையும் வேண்டும் என்பதை ஆய்வாளர்கள் எவரெட்டும் சாயரும் 1950இல் பெண் எலிகளில் கண்டனர். முட்டை வெளிப்படுவதற்கு முந்திய பிற்பகல் 2 மணிக்குச் சற்றுமுன் பார்பிச்சுரேட் மருந்தால் எலியை மயக்கினால், தடைபட்ட நிகழ்வு மருந்து தெளிந்தவுடன் தொடர்வதில்லை. மறுநாள் அதே வேளைவரை, ஏறத்தாழ 24 மணி நேரம், தள்ளிப்போகிறது. 4 மணிக்குப் பின் கொடுத்த மருந்தோ அதைத் தடுக்கவில்லை.

இதைக் கொண்டு உணர்வே மரபணுக்களை ஆள்கிறது என்று முடிவுகட்டுவோர் அவசரப்படுகின்றனர். மருந்து ஒடுக்கியது நரம்புகளின் இயக்கத்தை, அதனோடு சேர்ந்து மறைந்தவற்றுள் ஒன்றே உணர்வு. மெய்கண்டாரின் தருக்கம் உறக்கத்தைப் பொறுத்தவரை இன்றும் நிற்கிறது, ஏனெனில் உறங்குபவனிடம் மூச்சைப் போலவே ஹார்மோனும் மரபணுவும் தொழிற்பட்டும் அவன் அறியாதிருப்பதால், அவையும் அறியும் பொருள் ஆகா. மயக்கத்திலோ கருவியின் தொழிலும் அறிவும் ஒருங்கே ஒடுங்குவதால், அத்தருக்கத்துக்குப் பற்றுக்கோடு இல்லை. உயிர் கருவியின்றி அறியாது, மருந்து தாக்கியது கருவியையே என்று சித்தாந்தி விடையிறுக்கலாம். அவ்விடை முரணற்றது, ஆனால் அது சித்தாந்தத்தை முன்பே ஏற்றவருக்கு உரிய விடையேயன்றி, உடலே உயிர் என்பாரை மறுக்கும் சான்று ஆகாது.