சுவருக்கும் நெற்றிக்கும் ஒரே தைலம்

புதிய ஆலயத்தை ஆயர் இறைவனுக்கு நேர்ந்தளிக்கும் வழிபாட்டில் கவனிக்கத்தக்க ஒரு வரிசை உண்டு. தொடக்கத்தில் மந்திரிக்கப்படும் தீர்த்தம் முதலில் தெளிக்கப்படுவது கூடியிருக்கும் மக்கள்மீது. அதன் பிறகே சுவர்கள்மீதும் பலிபீடத்தின்மீதும். பின்னர், புனிதர்களின் மன்றாட்டுமாலை முடிந்து நேர்ந்தளிப்பு மன்றாட்டும் சொல்லப்பட்டபின், ஆயர் பலிபீடத்தில் கிறிஸ்மா தைலத்தைப் பூசுகிறார். சுவர்களிலும் பன்னிரண்டு அல்லது நான்கு இடங்களில் அதே தைலத்தால் சிலுவை வரைகிறார். ஒலிவ எண்ணெயும் நறுமணப் பொருளும் கலந்த இத்தைலம் வேறெங்கும் பயன்படாத ஒன்றன்று. திருமுழுக்குப் பெறும் குழந்தையின் உச்சியிலும், உறுதிப்பூசுதல் பெறுவோரின் நெற்றியிலும், புதிய குருவின் உள்ளங்கைகளிலும் பூசப்படுவது இதுவே. கல்லுக்கு ஒன்று, மனிதனுக்கு மற்றொன்று எனத் திருச்சபை இரண்டு தைலங்களை வைத்திருக்கவில்லை.

இறைவனுக்கு வீடு வேண்டுமா என்னும் கேள்வி மிகப் பழையது. எருசலேமில் முதல் கோவிலைக் கட்டி முடித்த சாலமோனே, வானகமும் கொள்ள முடியாதவரை இக்கட்டடம் எப்படிக் கொள்ளும் என்று வியந்து வேண்டினார் (1 அர 8:27). இயேசு தம் உடலையே கோவில் என்றார் (யோவா 2:21). பவுலடியார் கொரிந்து நகர மக்களை நோக்கி, கடவுளின் கோவில் நீங்களே என்று உணர்த்தினார் (1 கொரி 3:16). தொடக்ககாலக் கிறிஸ்தவர்கள் வீடுகளில் கூடினர். சிரியா நாட்டின் தூரா எவுரோப்போசில் அகழ்ந்தெடுக்கப்பட்ட, மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு வீட்டுக்கோவில் இன்றும் அதற்குச் சான்று. 313-இல் வழிபாட்டுரிமை கிடைத்த பின்னரே உரோமையில் இலாத்தரன் பேராலயம் போன்ற பெருங்கோவில்கள் எழுந்தன. கோவில் கட்டப்படுவதற்கு முன்பே திருச்சபை இருந்தது. ஆலயம் அதற்கு உடை போன்றது, உயிர் அன்று.

அப்படியாயின் கட்டடம் வீணா? இக்கேள்விக்குத் தமிழகத்து வரலாறு ஒன்று விடை தருகிறது.

திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம், புனித தேவசகாயம் பிள்ளை 1745-ஆம் ஆண்டு மே 14 அன்று திருமுழுக்குப் பெற்ற ஊர். திருவிதாங்கூர் அரசப் பணியில் உயர்ந்திருந்த அவர், திருமுழுக்கிற்குப்பின் சாதி வேற்றுமை பாராது எல்லாரோடும் பழகினார். 1749-இல் கைதாகி, ஏறத்தாழ மூன்றாண்டுகள் சிறைத் துன்பங்களை ஏற்று, 1752 சனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த மூன்றாண்டுகளில் அவருக்கு ஆலயமும் இல்லை, பலிபீடமும் இல்லை. ஆயினும் அவர் கட்டுண்டு கிடந்த இடங்களை மக்கள் புனிதத் தலங்களாகவே நினைவுகூர்கின்றனர். ஒரு மனிதரின் வாழ்வு மண்ணைப் புனிதமாக்கியது. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அதே வடக்கன்குளத்தில் 1870-களில் எழுந்த திருக்குடும்ப ஆலயம் வியப்பான வடிவம் கொண்டிருந்தது. இரண்டு நீண்ட கூடங்கள், கால்சட்டையின் இரு கால்களைப் போல, ஒரே பலிபீடத்தில் வந்து இணைந்தன. உயர்ந்தோர் எனத் தம்மைக் கருதிய சாதியினர் ஒரு கூடத்தில். ஏனையோர் மறு கூடத்தில். இடையே சுவர். ஒரே திருப்பலி, ஒரே நற்கருணை; ஆனால் ஒருவர் முகம் மற்றவர்க்குத் தெரியாது. தேவசகாயத்தின் ஊரிலேயே, அவர் வாழ்ந்து காட்டியதற்கு நேர் எதிரானது கல்லில் கட்டப்பட்டது.

இது அந்த ஊருக்கு மட்டுமே உரிய பாவம் அன்று. எருசலேம் கோவிலிலும் பிற இனத்தார் தாண்டினால் உயிருக்குக் கேடு என எச்சரிக்கும் தடுப்புச் சுவர் இருந்தது. அந்த எச்சரிக்கை பொறித்த கல் 1871-இல் கண்டெடுக்கப்பட்டது. பிரித்து நின்ற பகைமைச் சுவரைக் கிறிஸ்து தம் உடலில் தகர்த்தார் என எபேசியருக்கு எழுதப்பட்ட திருமுகம் கூறுவது (எபே 2:14) அந்தக் கோவிலை அறிந்தவர்களின் காதில் எத்துணை ஆழமாக விழுந்திருக்கும்!

வடக்கன்குளத்துச் சுவரை 1910-இல் பங்குத்தந்தை அதிரியான் கௌசானல் இடித்தார். எதிர்ப்பு எழுந்தது, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. சாதியின் பெயரால் ஆலயத்தில் தனியிடம் கோரும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை.

இங்கேதான் முன்னர் எழுந்த கேள்விக்கு விடை இருக்கிறது. அச்சுவர் ஊர்த்தெருவில் நின்றிருந்தால் யாரும் அதைக் குற்றம் என்று எண்ணியிரார். தெருக்களில் அத்தகைய சுவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் எங்கும் நின்றன. அது பலிபீடத்தின் முன் நின்றதால்தான் அதன் பொய்மை வெளிப்பட்டது. ஆலயம் மக்களைத் தானாகவே புனிதர் ஆக்கிவிடுவதில்லை. ஆனால் அவர்கள் எப்படி வாழவேண்டும் என்பதற்கு அளவுகோலாய் நிற்கிறது. அளவுகோல் இல்லாத இடத்தில் கோணல் தெரிவதில்லை.

அந்த அளவுகோலை ஆலயத்திற்கு வெளியேயும் எடுத்துச் செல்வதே புனித வாழ்வு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் திருச்சபையைப் பற்றிய தன் கோட்பாட்டு விளக்கத்தில், புனிதம் துறவியர்க்கும் குருக்களுக்கும் மட்டுமன்று, உலகில் உழைக்கும் எல்லாருக்கும் உரிய அழைப்பு என்று தெளிவுபடுத்தியது. ஐதராபாத்தின் வடபுறத்தில் ஜீடிமெட்லா என்றொரு தொழிற்பேட்டை உண்டு. மருந்து, வேதிப்பொருள், இயந்திர உறுப்புகள் செய்யும் ஆலைகள் நிறைந்த அப்பகுதிக்குப் பல மாநிலத்தவர் பிழைப்பைத் தேடி வருகின்றனர். அத்தகைய ஓர் இடத்தில் ஞாயிறன்று மேற்பார்வையாளரும் ஒப்பந்தத் தொழிலாளியும் ஒரே வரிசையில் நின்று ஒரே அப்பத்தைப் பெறலாம். ஒருவருக்கொருவர் சமாதானம் கூறலாம். திங்களன்று ஆலை வாயிலில் என்ன நடக்கிறது என்பதே கேள்வி. கூலி குறையாமல் சேருகிறதா? ஆபத்தான வேலைக்கு அனுப்பப்படுபவருக்குக் காப்புக் கருவி கிடைக்கிறதா? வேறு மொழி பேசுபவருக்கு வாடகை வீடு தர மனம் வருகிறதா? ஆலயத்தில் இல்லாத சுவர் அங்கே மீண்டும் எழுகிறது எனில், அது இன்னும் இடிக்கப்படவில்லை. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

ஆலயத்தின் சுவர்களில் பூசப்பட்ட தைலம் உலர்ந்துவிடுகிறது. நெற்றியில் பூசப்பட்டதும் உலர்ந்துவிடுகிறது. சுவர் தன் நேர்ந்தளிப்பை மறுக்க இயலாது, மனிதனால் இயலும். ஆதலால் ஒவ்வொரு கிறிஸ்தவனும் நாள்தோறும் தன்னை இறைவனிடம் மீண்டும் ஒப்படைக்க வேண்டியவனாகிறான். அவ்வாறு ஒப்படைத்தவன் செல்லும் இடமெல்லாம், ஆலைக்கூடமும் அடுக்களையும் கடைவீதியும், இறைவன் குடியிருக்கும் கோவிலாக மாறும்.