வேளை வரும் என்போர்க்கு

“காத்திரு, கர்த்தருடைய வேளை வரும்.” கிறித்தவ இல்லங்களில் துன்பம் நேரும்போதெல்லாம் ஒலிக்கும் ஆறுதல் மொழி இது. மகனுக்கு வேலை கிட்டவில்லையா? மகளுக்கு மணமாகவில்லையா? நோய் தீரவில்லையா? மனிதனின் கணக்கு வேறு, தேவனின் கணக்கு வேறு. அவர் குறித்த நேரம் தவறாது என்பர்.

பகுத்தறிவாளர் இதைக் கேட்டு நகைத்துவிடுவது எளிது. ஆனால் நகைப்பு விடையாகாது. தன் துயரைத் தாங்கிக்கொள்ள ஒரு தாய் அம்மொழியைப் பற்றிக்கொள்கிறாள் என்றால், அதைப் பறிப்பதால் நமக்கு வரும் பெருமை என்ன? நாம் கேட்க வேண்டியது வேறு. காத்திரு என்று சொல்பவர் யார்? யாரைப் பார்த்துச் சொல்கிறார்? காத்திருப்பதற்கான விலையைக் கொடுப்பவர் யார்?

இக்கேள்வியை எழுப்பியவர் நாத்திகர் என்று எண்ணிவிடாதீர்கள். எழுப்பியவர் ஒரு கிறித்தவப் போதகர்! எழுப்பிய இடம் சிறைக்கூடம்!

1963ஆம் ஆண்டு ஏப்ரல் 12, பெரிய வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் நகரில், நிறவேற்றுமையை எதிர்த்து அணிவகுத்துச் சென்ற மார்ட்டின் லூதர் கிங் சிறைப்படுத்தப்பட்டார். அதே நாளில் அலபாமாவின் வெள்ளைச் சமயத் தலைவர்கள் எண்மர் - எழுவர் கிறித்தவர், ஒருவர் யூதர் - ஓர் அறிக்கை விடுத்தனர். போராட்டம் காலத்திற்கு ஒவ்வாதது. நீதிமன்றத்தை நாடுக, பொறுமை காக்க என்பது அதன் சாரம். அவர்கள் நிறவெறியர்களாக அறியப்பட்டவர்களல்லர். நீதிமன்றத் தீர்ப்புகளை மதிக்க வேண்டும் என்று சில மாதங்களுக்கு முன்பே வெள்ளையருக்கு எடுத்துரைத்தவர்கள். நல்லவர் வாயிலிருந்து வந்ததால்தான் ‘பொறு’ என்ற அச்சொல் கூர்மையாகப் பாய்ந்தது.

அந்த அறிக்கை வெளியான செய்தித்தாளின் ஓரங்களிலேயே கிங் மறுமொழி எழுதத் தொடங்கினார். ஏப்ரல் 16 என்று நாளிட்ட அம்மடலில், டெக்சாசிலிருந்து வெள்ளையர் ஒருவர் தமக்கு எழுதியதையும் எடுத்துக்காட்டினார். உரிமை ஒருநாள் வரத்தான் போகிறது. கிறித்துவின் போதனை மண்ணில் வேரூன்றக் காலம் பிடிக்கும். கிறித்தவம் இவ்வளவு சாதிக்கவே ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு ஆயிற்றே, உமக்கு ஏன் இந்த விரைவு? இதுவே அவர் வாதம்.

ஈராயிரம் ஆண்டு! வசதியாய் வாழ்பவன் கணக்கில் அது சிறு தாமதம். அடிபடுபவன் கணக்கில் அது எத்தனை தலைமுறைகளின் புதைகுழி! லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்தது 1863இல். நூறாண்டு கழிந்தும், தொலைக்காட்சி விளம்பரத்தில் கண்ட கேளிக்கைப் பூங்காவுக்குத் தான் ஏன் போகமுடியாது என்று சிறு மகள் கேட்க, விடை கூற இயலாமல் தந்தையின் நா குழறுவதைக் கிங் அம்மடலில் எழுதியுள்ளார். அச்சிறுமிக்கு வேளை வரும் என்றால், எந்த வேளை? கதவு திறக்கும் நாளில் அவள் குழந்தையாக இருப்பாளா?

கிங் இறைவனை மறுக்கவில்லை. காலம் தானாக எதையும் குணப்படுத்தாது. அதை நன்மைக்கும் ஆளலாம், தீமைக்கும் ஆளலாம். தேவனோடு சேர்ந்து உழைக்கும் மனிதரின்றி முன்னேற்றமில்லை என்றார். அவருடைய இறைநம்பிக்கை நமக்கில்லை. ஆயினும், கைகட்டி நிற்பதற்குக் கடவுளைச் சாட்சிக்கு அழைக்காத அவரது நேர்மையை மதிப்போம்.

அவ்வாண்டு செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அதே பர்மிங்காமின் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் வெடிகுண்டு வெடித்து நான்கு சிறுமியர் மாண்டனர். ஐயத்திற்குரிய நால்வர் யாரென நடுவண் புலனாய்வுத் துறை 1965இலேயே கண்டது. 1968இல் கோப்பை மூடிவிட்டது. மாநிலத் தலைமை வழக்கறிஞர் பில் பாக்ஸ்லி 1971இல் வழக்கை மீண்டும் எடுத்தார். 1977இல் ஒருவன் தண்டனை பெற்றான். மற்ற இருவர் 2001இலும் 2002இலும். நான்காமவனோ வழக்கேதுமின்றி 1994இல் இறந்துபோனான். காலம் கனிந்ததால் நீதி வந்ததா? இல்லை. மூடிய கோப்பை மனிதர் திறந்ததால் வந்தது. அவர்கள் தாமதித்த ஆண்டுகளில் ஒருவன் தப்பியே போனான்!

தோழர்களே, இப்பாடம் தேவாலயத்தில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று. கடவுளைக் கைவிட்டவருள்ளும் சிலர், அந்தப் பீடத்தில் காலத்தை அமர்த்தி வைத்திருக்கின்றனர். ‘அறிவியல் வளர்ந்தால் மடமை தானே மறையும்’, ‘தலைமுறை மாறினால் எல்லாம் மாறும்’ என்கின்றனர். மாற்றுவது யார்? விடையில்லை! பெயர்தான் மாறியிருக்கிறது, கட்டிய கை அவிழவில்லை.

தன் துன்பத்தைத் தான் பொறுப்பவன் பொறுமைசாலி. பிறர் துன்பத்தைப் பொறுத்துக்கொண்டு, அதற்குத் திருவுளம் என்றோ காலத்தின் போக்கு என்றோ பெயரிடுபவன் கொடுமைக்குத் தவணை கொடுப்பவன். இனி எவரேனும் ‘வேளை வரட்டும்’ என்று அறிவுரை கூறினால், அவர் நிற்கும் இடத்தை முதலில் பாருங்கள்: நிழலிலா, வெயிலிலா?