அச்சத்தின் கணக்கு

சென்ற ஜும்ஆ முடிந்து ஈக்காட்டுத்தாங்கலில் நடந்து வருகையில், முதியவர் ஒருவர், "வராத ஜப்பானுக்கு அஞ்சி ஓடிய ஊரன்றோ நம் சென்னை!" என்று நகைத்தார். உடன் நகைக்க நமக்கு மனம் வரவில்லை.

சிங்கப்பூர் 1942 பிப்ரவரியில் வீழ்ந்தது. ஏப்ரல் 5இல் கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும், 9இல் திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. வெளியேறுமாறு அரசே கூறிற்று. மக்கள் கிடைத்த வண்டியில் ஏறினர். கூண்டு உடைந்தால் ஊருக்குள் புகுந்துவிடுமென அஞ்சி, மிருகக்காட்சிசாலையின் சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றனர்.

ஜப்பானியக் கடற்படையோ ஏப்ரல் 9க்குப் பின் கிழக்கே திரும்பிவிட்டது. சென்னை அதனை அறியவில்லை. கொழும்பைத் தாக்க வந்த விமானந்தாங்கிக் கப்பல்களுள் அகாகி, சோர்யூ, ஹிர்யூ ஆகிய மூன்றும் ஜூன் மாதம் மிட்வேயில் அழிந்தன. பின்னர் அல் அலமைன், ஸ்டாலின்கிராட். இவற்றைத் திருப்புமுனைகள் என்று இன்று எளிதாக எழுதுகிறோம். (1943 அக்டோபரில் ஒரு விமானம் சென்னைக்கும் வந்து குண்டு வீசிற்று என்பதை முதியவர் மறந்தார் போலும்.)

ஓடியோரை நாம் குறை கூறோம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது, இவ்வூரில் வெள்ளம் எட்டாத வீட்டாரும் வெளியேறவில்லையா? அவர்கள் தம் அச்சத்திற்குரிய விலையைத் தாமே கொடுத்தனர். அவ்விலங்குகள் கொடுத்ததோ பிறர் அச்சத்தின் விலை. ஆணையிட்டவர் வருவதை அறியார் என்பது உண்மையே; ஆயினும் அறியாமை அக்கணக்கை முழுதும் தீர்த்துவிடுமென நாம் எண்ணவில்லை.

முதியவரிடம் இதைச் சொன்னோம். சற்றுப் பேசாது நடந்தவர், தம் தாயார் அப்போது கறவைப் பசுவைக் கன்றோடு கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு ஊர் போனதாகக் கூறினார்.